தொட்டிக்குள் ஓர் ஓடை

பினாங்கின் அடுக்குமாடி வீடுகளில் காலை வேளையில் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. கூடத்தின் மூலையில் மூன்றடி நீளமுள்ள கண்ணாடி மீன் தொட்டி இருக்கிறது. நீர் தெளிவாக இருக்கிறது. பம்பு இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆயினும், மீன்கள் எல்லாம் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மீன்களுக்குப் பசி என்று எண்ணி வீட்டார் உணவைத் தூவுகின்றனர். மீன்கள் அதைத் தொடுவதில்லை. ஓரிரு நாளில் ஒரு மீன் இறந்து மிதக்கிறது. பம்பின் விசை போதவில்லை என்று முடிவுசெய்து, அதைவிடப் பெரிய பம்பு ஒன்றை வாங்கி வந்து அதே இடத்தில் பொருத்துகின்றனர். மறுநாள் காலையிலும் மீன்கள் மேற்பரப்பிலேயே திணறுகின்றன.

இந்த வீட்டில் குறை பம்பின் விசையில் இல்லை. பம்பு இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. நீர் ஓடுகிறது, ஆனால், ஓட வேண்டிய இடத்தில் ஓடவில்லை. தொட்டியில் பம்பை எங்கே வைப்பது, எந்தத் திசையில் திருப்புவது, எவ்வளவு ஆழத்தில் பொருத்துவது என்பவற்றை அறிந்துகொண்டால், புதிய பம்பு வாங்காமலேயே மீன்களைக் காப்பாற்றலாம்.

மீன்களுக்கு மூச்சு எங்கிருந்து வருகிறது?

மீன்கள் செவுள்களின் வழியாக நீரில் கரைந்துள்ள உயிர்வளியை எடுத்துக்கொள்கின்றன. நீரில் கரைந்திருக்கும் உயிர்வளி மிகக் குறைவு. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் உயிர்வளி உள்ளது. 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீர் காற்றிலிருந்து பெற்றுக் கரைத்துவைத்துக்கொள்ளும் உயிர்வளியோ ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். நீர் குளிர்ந்திருந்தால் இன்னும் சற்று அதிகமாகக் கரையும். 20 பாகையில் அந்த அளவு ஏறத்தாழ 9 மில்லிகிராமாக இருக்கும்.

பினாங்கு போன்ற வெப்பமண்டல ஊரில் மீன் தொட்டியின் நீர் பெரும்பாலும் 28 முதல் 30 பாகை வரை இருக்கும். குளிர்நாடுகளில் தொட்டி நீரைச் சூடாக்கக் கருவி தேவைப்படும். இங்கு அது தேவையில்லை. எனினும், இந்த வெதுவெதுப்பில் இரட்டைச் சிக்கல் உள்ளது. நீர் சூடாகும்போது அதில் கரையும் உயிர்வளி குறைகிறது. அதே வேளையில், மீனின் உடல் இயக்கம் விரைவுபட்டு, அதற்குத் தேவைப்படும் உயிர்வளி கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடும் குடும்பத்தின் நிலைதான் மீனுக்கும் ஏற்படுகிறது.

தொட்டியில் நீர்ச்செடிகள் இருந்தால் பகலில் அவை ஒளிச்சேர்க்கை செய்து உயிர்வளியை வெளியிடும். இரவில் விளக்கை அணைத்த பிறகு ஒளிச்சேர்க்கை நின்றுவிடும். ஆனால், செடிகளும் மீன்களும் நுண்ணுயிர்களும் தொடர்ந்து சுவாசித்து உயிர்வளியைப் பயன்படுத்திக்கொண்டே இருக்கும். அதனால், விடியற்காலையில்தான் தொட்டி நீரில் உயிர்வளி மிகவும் குறைந்திருக்கும். மீன்கள் காலையில் மேற்பரப்பில் திணறுவதற்கு இதுவே காரணம். அவை கேட்பது உணவை அன்று, மூச்சுக்காற்றை.

இழந்த உயிர்வளி நீர்ப்பரப்பின் வழியாகவே மீண்டும் கிடைக்க வேண்டும். காற்றும் நீரும் தொட்டுக்கொள்ளும் இடம் அது ஒன்றுதான். உயிர்வளி அங்கே நுழைகிறது. மீன்கள் வெளியிட்ட கரிவளி அங்கேதான் வெளியேறுகிறது. ஆனால், நுழைந்த உயிர்வளி அசையாத நீரில் தானாகக் கீழே பரவுவது மிக மெதுவாகவே நடைபெறும். காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரில் அது ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. எனவே, மேலே உள்ள நீர் கீழே செல்ல வேண்டும். கீழே உள்ள நீர் மேலே வர வேண்டும். இந்தப் போக்குவரத்தை நடத்துவதே பம்பின் முதல் வேலை.

கலக்காத நீர் காட்டும் பாடம்

நீர் மேலும் கீழும் கலக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பினாங்குத் தீவிலேயே காணலாம். தீவின் வடமேற்கு மூலையில் தெலுக் பகாங்கை அடுத்துப் பினாங்கு தேசியப் பூங்கா இருக்கிறது. 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இவ்வனப்பகுதியில், பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்குப் பின்னால் ஓர் அரிய ஏரி உள்ளது. ஆண்டின் சில காலங்களில் மட்டும் நிறைந்து காணப்படும் அந்த ஏரியில் நீர் இரண்டு அடுக்குகளாக நிற்கிறது. காட்டோடைகளிலிருந்து வரும் நன்னீர் மேலேயும், கடலிலிருந்து வரும் உவர்நீர் கீழேயும் தங்குகின்றன. உவர்நீர் அடர்த்தி மிகுந்தது. நன்னீர் அடர்த்தி குறைந்தது. அதனால், இரண்டும் எளிதில் கலப்பதில்லை.

இத்தகைய ஏரிகளின் அடியடுக்குக்கு மேற்பரப்பின் உயிர்வளி போதிய அளவு சென்று சேர்வதில்லை. சாதாரண மீன்கள் அங்கு வாழ்வது கடினம். இயற்கையில் இஃது ஓர் அரிய காட்சி. வீட்டுத் தொட்டியில் இஃது ஓர் ஆபத்து. தொட்டியில் நன்னீர் மட்டும் இருந்தாலும், ஓட்டம் எட்டாத அடிப்பகுதியும் மூலைகளும் அந்த ஏரியின் அடியடுக்கைப் போல உயிர்வளி குன்றிய இடங்களாக மாறிவிடும்.

பம்பின் இரண்டாவது வேலை

மீன்களின் கழிவும் உண்ணாமல் மிஞ்சிய உணவும் நீரில் அம்மோனியாவை உண்டாக்குகின்றன. அம்மோனியா மீன்களுக்கு நஞ்சு. வடிகட்டியின் பஞ்சிலும் தொட்டியின் சரளைக்கற்களிலும் வாழும் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள், அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான், நைட்ரேட்டின் கேடு அவற்றைவிடக் குறைவு. வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றுவதன் மூலம் நைட்ரேட்டைக் கட்டுப்படுத்தலாம்.

இந்தப் பாக்டீரியாக்களுக்கும் உயிர்வளி வேண்டும். மேலும், அம்மோனியா கலந்த நீர் அவை இருக்கும் இடத்திற்கு வந்து சேர வேண்டும். நீர் வடிகட்டியைத் தேடி வராவிட்டால், வடிகட்டி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் பயனில்லை. குப்பை லாரி எல்லாத் தெருக்களுக்கும் சென்றால்தான் ஊர் தூய்மையாகும். ஒரே தெருவையே சுற்றிச் சுற்றி வந்தால் மற்றத் தெருக்களில் குப்பை குவியும். தொட்டியின் நீரோட்டமும் அப்படிப்பட்டதே.

பம்பு வந்த வரலாறு

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் பழக்கம் பரவிய தொடக்கத்தில் பம்பு இல்லை. 1850ஆம் ஆண்டு இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலாளர், பொன்மீன்களையும் நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒரே கலத்தில் வளர்த்து, செடிகள் வெளியிடும் உயிர்வளி மீன்களுக்கு உதவுவதை விளக்கினார். மீன்கள் மிகச் சிலவாக இருந்தால் இந்த முறை போதும். எண்ணிக்கை கூடினால் செடிகள் மட்டும் போதா.

1871இல் இலண்டனின் கிறிஸ்டல் பேலஸ் வளாகத்தில் திறக்கப்பட்ட பெரிய நீர்க்காட்சியகத்தை வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்ட் என்பவர் வடிவமைத்தார். அங்கே நீராவிப் பொறியால் இயங்கிய பம்புகள், கீழே இருந்த பெரிய நீர்த்தேக்கத்திலிருந்து கடல்நீரை மேலேற்றித் தொட்டிகளின் வழியாக இடைவிடாமல் ஓடச் செய்தன. நீரை அடிக்கடி மாற்றுவதைவிட, இருக்கும் நீரை நன்றாகச் சுழலவிடுவதே மீன்களுக்கு நன்மை தரும் என்பது அவருடைய கொள்கை. தமிழர்கள் வாழும் நகரங்களில் சென்னைக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1909ஆம் ஆண்டு மெரினா கடற்கரையில் பொதுமக்களுக்காக ஒரு நீர்க்காட்சியகம் திறக்கப்பட்டது.

இன்று பினாங்கின் பத்து மாவுங்கில், மீன்வள ஆய்வுக் கழகத்தின் வளாகத்தில், துங்கு அப்துல் ரஹ்மான் நீர்க்காட்சியகம் இருக்கிறது. பெரிய காட்சியகத்திற்கும் வீட்டுக் கூடத்தில் உள்ள சிறிய தொட்டிக்கும் அளவில்தான் வேறுபாடு. நீர் ஓட வேண்டும் என்னும் விதி இரண்டுக்கும் ஒன்றே.

எவ்வளவு ஓட்டம் வேண்டும்?

பம்பை வைக்கும் இடத்தைத் தீர்மானிக்கும் முன் தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிட வேண்டும். 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் 45 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 182 லிட்டர். மேலே விடப்படும் இடைவெளியையும் சரளைக்கற்கள் அடைக்கும் இடத்தையும் கழித்தால், உண்மையில் அதில் இருக்கும் நீர் ஏறத்தாழ 150 லிட்டர்.

நன்னீர் மீன் தொட்டியில் ஒரு மணி நேரத்திற்குள் மொத்த நீரைப் போல நான்கு அல்லது ஐந்து மடங்கு நீர் வடிகட்டியின் வழியாகச் செல்ல வேண்டும் என்பது மீன் வளர்ப்போர் பின்பற்றும் பொதுவான அளவு. அதன்படி, இந்தத் தொட்டிக்கு மணிக்கு 600 முதல் 750 லிட்டர் வரை நீரைச் செலுத்தும் பம்பு போதும்.

பம்பின் பெட்டியில் அச்சிடப்பட்டுள்ள எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. அந்த எண், தடை ஏதுமின்றிப் பம்பு தனியே ஓடும்போது கிடைக்கும் அளவைக் குறிக்கும். வடிகட்டிப் பஞ்சின் வழியாக இழுக்கும்போதும், குழாயின் வளைவுகளைக் கடக்கும்போதும், நீரை மேலே ஏற்றும்போதும் ஓட்டம் குறையும். பஞ்சில் அழுக்குச் சேரச் சேர இன்னும் குறையும். ஆகவே, சற்று அதிக அளவுள்ள பம்பைத் தேர்ந்தெடுத்து, அதிலுள்ள திருகின் மூலம் தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்வது நல்லது.

பம்பை வைக்கும் இடம்

பெரும்பாலான வீடுகளில் பம்பைப் பின்பக்கக் கண்ணாடியின் நடுவிலோ பின்மூலையின் அடியிலோ மறைத்துவைப்பர். கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதே அதற்குக் காரணம். அவ்வாறு ஆழத்தில் வைக்கும்போது நீர் அடியிலேயே சுழலும். மேற்பரப்பு ஒரு குளத்தைப் போல அசையாமல் நிற்கும். அசையாத மேற்பரப்பில் நாளடைவில் எண்ணெய் போன்ற மெல்லிய படலமும் படியும். அப்போது உயிர்வளி நுழைவது மேலும் குறையும். பெரிய பம்பு வாங்கிய பிறகும் மீன்கள் திணறியதற்கு விளக்கம் இதுதான்.

இன்னொரு பிழையும் உண்டு. பம்பின் உறிஞ்சும் வாயும் நீரை வெளியேற்றும் வாயும் மிக அருகில் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தால், வெளியே வந்த தூய நீரையே பம்பு மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். ஒரே நீர் குறுக்குவழியில் சுற்றிக்கொண்டிருக்கும். தொட்டியின் மறுமுனையில் உள்ள கழிவு அங்கேயே தங்கிவிடும்.

இவ்விரு பிழைகளையும் தவிர்க்கும் எளிய முறை ஒன்று உண்டு. வெளியேற்றும் வாயைத் தொட்டியின் குறுகிய பக்கம் ஒன்றில், நீர்ப்பரப்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே அமைக்க வேண்டும். அது தொட்டியின் நீளவாக்கில் எதிர்ப்பக்கத்தைப் பார்த்து, சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். உறிஞ்சும் வாயை அதே குறுகிய பக்கத்தில், அடிப்பகுதிக்கு அருகில் வைக்க வேண்டும்.

இப்போது நீர் செல்லும் பாதையைக் கவனித்தால் காரணம் விளங்கும். வெளியேறும் நீர் மேற்பரப்பில் சிற்றலைகளை எழுப்பியபடி எதிர்ப்பக்கக் கண்ணாடியை நோக்கி ஓடுகிறது. வழியில் உயிர்வளியைப் பெறுகிறது. கண்ணாடியில் மோதிக் கீழிறங்குகிறது. பிறகு அடிப்பகுதி வழியாகத் திரும்பி வருகிறது. வரும்போது கழிவுகளைத் தள்ளிக்கொண்டு வந்து உறிஞ்சும் வாயில் சேர்க்கிறது. தொட்டிக்குள் முழு வட்டமாக ஓர் ஓடை உருவாகிவிடுகிறது.

உறிஞ்சும் வாய் அடிப்பகுதிக்கு அருகில் இருக்க வேண்டும் என்றாலும், சரளைக்கற்களைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. நான்கு அல்லது ஐந்து சென்டிமீட்டர் மேலே இருந்தால், மணல் உள்ளே நுழைந்து பம்பின் சுழலியைத் தேய்க்காது. மீன் குஞ்சுகளோ சிறிய இறால்களோ இருந்தால், அவை இழுபட்டு உள்ளே போகாதிருக்க வாயின் மீது பஞ்சுறை ஒன்றைப் பொருத்த வேண்டும்.

நீர்ப்பரப்பில் சிற்றலைகள் தெரிய வேண்டும். நீர் வெளியே தெறிக்கும் அளவுக்குக் கொந்தளிக்க வேண்டியதில்லை. பினாங்கின் வெப்பத்தில் நீர் ஆவியாகி மட்டம் குறையும். நேற்று மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்த வாய், சில நாளில் நீர்ப்பரப்புக்கு மேலே வந்துவிடலாம். ஆகையால், நீர்மட்டத்தை அவ்வப்போது பார்த்து நிரப்ப வேண்டும். குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கப்பட்டிருப்பதால், குளோரின் நீக்கி கலந்த பிறகே அதைத் தொட்டியில் ஊற்ற வேண்டும்.

தேக்க இடங்களைக் கண்டுபிடித்தல்

முறைப்படி பம்பை வைத்தாலும், கற்களும் மரத்துண்டுகளும் அடர்ந்த செடிகளும் ஓட்டத்தைத் தடுக்கலாம். அவற்றின் பின்னால் நீர் தேங்கும் இடங்கள் உருவாகும். அங்கே கழிவு படிந்து அழுகும். கண்ணாடிக்கும் கற்களுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் நீர் சுற்றிச் செல்ல வழி கிடைக்கும்.

தேக்க இடங்களைக் கண்டறியக் கருவி ஏதும் வேண்டியதில்லை. மீன் உணவில் ஒரு சிட்டிகையை விரல்களுக்கிடையே நன்றாகப் பொடித்து, வெளியேற்றும் வாயின் முன்னால் தூவ வேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தால் துகள்கள் செல்லும் பாதை தெளிவாகத் தெரியும். அவை எங்கே விரைகின்றன, எங்கே திரும்புகின்றன, எங்கே நின்று கீழே படிகின்றன என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளலாம். துகள்கள் நின்றுவிடும் இடமே தேக்க இடம். செடிகளின் இலைகளும் இதைக் காட்டும். மெல்ல அசையும் இலை நல்ல ஓட்டத்தைக் குறிக்கும். சிறிதும் அசையாத இலை தேக்கத்தைக் குறிக்கும். ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் இலை ஓட்டம் மிகையாக இருப்பதைக் குறிக்கும்.

தேக்க இடம் தெரிந்ததும் பம்பின் வாயைச் சில பாகை திருப்பிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதுவே போதும். போதாவிட்டால், அந்த மூலையில் ஒரு காற்றுக்கல்லை வைக்கலாம். காற்றுக்கல்லின் குமிழிகளிலிருந்துதான் உயிர்வளி முழுவதும் நீரில் கரைகிறது என்று பலர் எண்ணுகின்றனர். குமிழிகள் ஓரிரு விநாடிகளில் மேலே சென்று உடைந்துவிடுகின்றன. அதற்குள் அவற்றிலிருந்து கரைவது சிறிதளவே. குமிழிகள் மேலே எழும்போது அடியிலுள்ள நீரையும் தம்முடன் இழுத்துச் சென்று மேற்பரப்பைக் கலக்குகின்றன. காற்றுக்கல்லின் பெரும்பயன் அதுதான். அவ்வகையில் காற்றுக்கல்லும் ஒரு சிறிய பம்புதான்.

மீனுக்கு ஏற்ற ஓட்டம்

எல்லா மீன்களுக்கும் ஒரே வேகம் பொருந்தாது. மீன் எங்கிருந்து வந்தது என்று அறிந்தால், அதற்கு எவ்வளவு ஓட்டம் வேண்டும் என்பதும் விளங்கும்.

இதற்குச் சண்டை மீன்களே நல்ல எடுத்துக்காட்டு. கடைகளில் சிறிய கலங்களில் விற்கப்படும் நீண்ட துடுப்புடைய சண்டை மீனின் பூர்வீகம் தாய்லாந்து. வயல்களிலும் ஆழமற்ற சதுப்புகளிலும் மெதுவாக நகரும் நீரில் வாழ்ந்த இனம் அது. காற்றை நேரடியாகச் சுவாசிக்க உதவும் உறுப்பும் அதற்கு உண்டு. வலுவான ஓட்டத்தில் விட்டால், அதன் நீண்ட துடுப்புகள் பாய்மரம் போல நீரில் சிக்கி, மீன் ஓயாமல் போராடிக் களைத்துவிடும். நாளடைவில் துடுப்புகள் கிழியும்.

அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு மீன் பினாங்கிலும் காணப்படுகிறது. தியோடர் கேன்டர் என்னும் டென்மார்க் நாட்டு மருத்துவர், பினாங்கில் கிடைத்த மீனை ஆராய்ந்து 1849இல் அதனை அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தினார். பெட்டா புக்னாக்ஸ் என்பது இன்று அதன் அறிவியல் பெயர். பினாங்குச் சண்டை மீன் என்றும் அழைப்பர். அது காட்டோடைகளில் ஓடும் தெளிந்த நீரில் வாழ்கிறது. ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். ஓடும் நீர் அதற்கு இயல்பானது. பெயரால் இரண்டும் சண்டை மீன்களே; ஆனால், ஒன்றுக்கு இதமான ஓட்டம் மற்றொன்றுக்குத் துன்பம்.

பினாங்கில் வளர்க்கப்பட்டுப் புகழ்பெற்ற டிஸ்கஸ் மீனின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப்படுகை. தட்டுப் போன்ற அகன்ற உடலைக் கொண்ட அதற்கு மென்மையான ஓட்டமே ஏற்றது. ஆனால், அது வெதுவெதுப்பான நீரை விரும்புவதால் உயிர்வளிக் குறைவு ஏற்படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தகைய தொட்டியில் பம்பின் வாயில் துளைக்குழாயைப் பொருத்தலாம். வரிசையாகத் துளைகள் இட்ட அக்குழாய், ஒரே தாரையாகப் பாயும் நீரைப் பல சிறு தாரைகளாகப் பிரிக்கிறது. செல்லும் நீரின் அளவு ஏறத்தாழ அதேதான். மீனைத் தள்ளும் விசை மட்டும் குறைகிறது. துளைகள் நீர்ப்பரப்பை நோக்கி இருந்தால் சிற்றலைகளும் கிடைக்கும்.

ஓட்டம் பொருந்தவில்லை என்பதை மீன்களே காட்டும். எந்நேரமும் பம்புக்குப் பின்னால் ஒதுங்கியிருத்தல், உணவை நோக்கி நீந்த முடியாமல் அடித்துச் செல்லப்படுதல், துடுப்புகளை உடலோடு ஒட்டிவைத்துக்கொள்ளுதல் ஆகியவை ஓட்டம் மிகையாக இருப்பதன் அறிகுறிகளாக இருக்கலாம். மேற்பரப்பில் கூடித் திணறுதல் ஓட்டம் குறைந்திருப்பதைக் காட்டும்.

பவளங்கள் உள்ள கடல்நீர்த் தொட்டிக்குக் கணக்கு வேறு. கடல்நீரில் கரையும் உயிர்வளி நன்னீரைவிடக் குறைவு. பவளங்கள் இடம்விட்டு நகர முடியாதவை. உணவை நீர்தான் கொண்டுவர வேண்டும், கழிவை நீர்தான் கொண்டுசெல்ல வேண்டும். எனவே, அத்தொட்டியில் பத்து முதல் இருபது மடங்கோ அதற்கு மேலோ ஓட்டம் தேவைப்படும். கடலில் அலை ஒரே திசையில் ஓடுவதில்லை, வந்து திரும்பும். அதைப் போலவே, இரு பக்கங்களிலும் பம்புகளை வைத்து மாறி மாறி இயக்குவர். ஒரே பவளத்தின் மீது நீர் நேராக இடைவிடாமல் மோதினால் அதன் மென்திசு கிழிந்துவிடும்.

பாதுகாப்பும் மின்தடையும்

பம்பு மின்சாரத்தால் இயங்குவது. அதுவும் நீருக்குள் இருப்பது. தொட்டிக்குள் கையை விடும் முன் மின்செருகியைக் கழற்றிவிட வேண்டும். மின்கம்பி, மின்செருகிக்குச் செல்லும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலேற வேண்டும். அப்போது கம்பி வழியாக வழியும் நீர்த்துளிகள் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், மின்செருகியை அடையா. தொட்டிக்கு வெளியே தாழ்வான இடத்தில் காற்றுப் பம்பை வைத்தால், மின்சாரம் நின்றதும் தொட்டி நீர் குழாய் வழியாகப் பின்னோக்கி வந்து பம்பில் இறங்கிவிடக்கூடும். காற்றுக் குழாயில் ஒருவழி வால்வைப் பொருத்தினால் இதைத் தடுக்கலாம்.

இடிமழைக் காலத்தில் மின்தடை ஏற்பட்டால் மீன்களுக்கு உணவு போடக் கூடாது. உணவு செரிக்கும்போது மீனுக்கு உயிர்வளி கூடுதலாகத் தேவைப்படும்; மிஞ்சும் உணவும் நீரைக் கெடுக்கும். மின்கலத்தால் இயங்கும் காற்றுப் பம்பு இருந்தால் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால், தூய குவளையால் தொட்டி நீரையே மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டிருக்கலாம். அதுவும் மேற்பரப்பைக் கலக்கி உயிர்வளியைச் சேர்க்கும். மூடிய வடிகட்டி பல மணி நேரம் நின்றுபோனால் உள்ளே உயிர்வளி தீர்ந்து பாக்டீரியாக்கள் மடியத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அதை அப்படியே இயக்காமல், உள்ளே இருக்கும் நீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரில் அலசிய பிறகே இயக்க வேண்டும். குழாய் நீரில் அலசினால் அதிலுள்ள குளோரின், எஞ்சிய பாக்டீரியாக்களையும் கொன்றுவிடும்.

மீண்டும் அந்தக் கூடத்தில்

தொடக்கத்தில் கண்ட வீட்டில் செய்ய வேண்டியது மிகவும் எளிது. புதிய பம்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பழைய பம்பின் பஞ்சில் சேர்ந்த அழுக்கைத் தொட்டி நீரில் அலச வேண்டும். பின்மூலையின் அடியில் மறைந்திருந்த பம்பைக் குறுகிய பக்கத்திற்கு மாற்றி, அதன் வாயை நீர்ப்பரப்புக்கு அருகே உயர்த்தி, எதிர்ப்பக்கத்தை நோக்கித் திருப்ப வேண்டும். உறிஞ்சும் குழாயை நீட்டி அடிப்பகுதிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கண்ணாடியை ஒட்டியிருந்த கல்லைச் சற்று நகர்த்த வேண்டும். இவை அரை மணி நேர வேலை.

அதன் பிறகு, விடியற்காலையில் ஒருமுறை தொட்டியின் முன்னால் நின்று பார்க்க வேண்டும். உயிர்வளி மிகவும் குறைந்திருக்கும் நேரம் அதுவாதலால், தேர்வும் அப்போதுதான் நடைபெறுகிறது. மேற்பரப்பில் சிற்றலைகள் ஓடிக்கொண்டிருக்க, மீன்கள் அங்கே கூடாமல் தொட்டியின் நடுவிலும் அடியிலும் அமைதியாக நீந்திக்கொண்டிருந்தால், பம்பு சரியான இடத்தில் இருக்கிறது.